ஒழுங்கைக்கு ஒரு போத்தல் தடுப்பூசி

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

"பின்னேரம் நல்லாத்தான் குழை திண்டது, விடியப் பார்த்தால் செத்துக் கிடக்குது." ஆடு வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அதற்கு அடுத்த வசனமும் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஆரோ மருந்து வைச்சிட்டாங்கள்." வேலிப் பிரச்சினை உள்ள வீடென்றால் கதை பொலிஸ் வரைக்கும் போகும். பாம்பு என்பார்கள், கண்ணூறு என்பார்கள். ஆடு நஞ்சினால் இறந்தது என்பது பல வேளைகளில் உண்மைதான். ஆனால் அந்த நஞ்சை வெளியாள் எவரும் கொண்டுவந்து வைக்கவில்லை. ஆட்டின் சிறுகுடலுக்குள் எப்போதும் இருக்கும் ஒரு பற்றீரியாவே அதை உண்டாக்கியது. அதற்குத் தடுப்பூசி உண்டு. விலைக்காக மட்டும் மக்கள் அதைத் தவிர்க்கவில்லை, போத்தலின் அளவும் ஒரு தடையாக இருக்கிறது. அதைத் தீர்க்கும் வழியைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

இந்தப் பற்றீரியாவின் பெயர் குளோஸ்ட்ரிடியம் பெர்பிரின்ஜென்ஸ். ஒட்சிசன் இல்லாத இடத்தில் பெருகும். சூழல் ஒத்துவராதபோது தடித்த உறை மூடிய வித்தியாக மாறி மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். நல்ல சுகத்தோடு நிற்கும் ஆட்டின் குடலிலும் சிறு தொகையாக இருக்கும். குழையும் புல்லும் தின்னும் ஆட்டில் மாப்பொருள் பெரும்பாலும் முதல் வயிற்றிலேயே கரைந்துவிடுவதால் குடலில் கிருமிக்குத் தீனி இல்லை. இருக்கிற கொஞ்சத்தையும் குடலின் அசைவு வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறு ஒரு வாளி வந்து சேர்கிறது. அல்லது அன்னதானம் முடிந்த இடத்தில் ஆடு அவிழ்ந்து போய்விடுகிறது, தவிட்டு மூடை கிழிந்துவிடுகிறது, அரிவு வெட்டு முடிந்த வயலில் சிந்திய நெல்லைப் பகல் முழுக்கப் பொறுக்கித் தின்கிறது. முதல் வயிறு அவ்வளவையும் ஒரே நேரத்தில் கரைக்காது. மாப்பொருள் அப்படியே சிறுகுடலுக்கு இறங்கும். தீனி கிடைத்த இந்தக் கிருமி ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கக்கூடியது. அந்தக் கணக்கில் ஒரே ஒரு கிருமி 3 மணித்தியாலத்தில் 2 இலட்சத்து 62 ஆயிரத்தைத் தாண்டிவிடும்.

இதன் டி வகை வெளிவிடும் எப்சிலன் நச்சு முதலில் வீரியம் குறைந்ததாகத்தான் வரும். குடலில் உள்ள திரிப்சின் என்ற சமிபாட்டு நொதியம் அதை வெட்டி முழு வீரியத்துக்குக் கொண்டுவருகிறது. பிறகு குடற்சுவரைக் கடந்து இரத்தத்தில் கலந்து, நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கசிய வைக்கிறது. மூளையிலும் நுரையீரலிலும் நீர் கோர்க்கிறது. நன்றாகத் தின்கிற ஆட்டுக்கே மாப்பொருள் அதிகம் போகிறது. ஆகையால் பட்டியில் கொழுத்த குட்டிதான் முதலில் விழும். மெலிந்தது தப்பிவிடும். "நோய் என்றால் இளைத்ததற்கல்லவா வரவேண்டும்" என்று கேட்டு, அதனாலேயே நஞ்சு வைத்ததாக முடிவுகட்டுபவர்கள் இந்த இடத்தில்தான் பிழைவிடுகிறார்கள்.

செம்மறி பெரும்பாலும் நோய்க்குறி காட்ட நேரமில்லாமல் போய்விடும். கண்டால், தலையைப் பின்னுக்கு வளைத்துக் கால்களை உதைத்துக்கொண்டு கிடக்கும். தமிழ்நாட்டில் இந்நோயைத் துள்ளுமாரி என்பார்கள். வெள்ளாட்டில் குடல்தான் கூடுதலாக அடிபடும். வயிற்றுவலியால் கத்தும், முதுகைக் கூனும், நீராகக் கழியும், அதில் இரத்தமும் சவ்வுத் துண்டுகளும் வரும். சில ஆடுகள் இரண்டு மூன்று நாள் இழுத்துப்பறித்துக்கொண்டு கிடப்பதும் உண்டு.

சந்தேகத்தைத் தீர்க்க வேண்டுமென்றால் உடலைப் புதைக்கும் முன் மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கள். நேரம் முக்கியம். இறந்து 4 முதல் 6 மணித்தியாலத்துக்குள் பார்த்தால்தான் பயன். எங்கள் வெயிலில் அதைவிடப் பிந்தினால் உடல் அழுகி எல்லா அடையாளமும் கலந்துவிடும். திறந்து பார்க்கும்போது இதயத்தைச் சுற்றிய பையில் வைக்கோல் நிறத்தில் நீர் நிற்கும். அதைக் கிண்ணத்தில் எடுத்து வைத்தால் காற்றுப் பட்டுச் சிறிது நேரத்தில் கூழ் மாதிரி உறையும். செம்மறியின் சிறுநீரகம் தொட்டால் களிபோல நசியும். சிறுநீர்ப்பையில் எஞ்சிய நீரை, நீரிழிவுக்காரர் பாவிக்கும் சிறுநீர்ச் சோதனைப் பட்டியால் தொட்டுப் பார்த்தால் செம்மறியில் சீனி காட்டும். வெள்ளாட்டில் இது எப்போதும் காட்டாது. ஆய்வுகூடத்துக்கு அனுப்ப, சிறுகுடலின் கடைப்பகுதியில் ஒரு துண்டை இரு முனையும் நூலால் கட்டி, உள்ளே உள்ளது சிந்தாமல் வெட்டி, குளிரில் வைக்க வேண்டும். குடல்நீரைத் தனியே எடுத்தால் 10 மில்லிலீற்றருக்கு 1 துளி குளோரோபோம் விட்டால் நச்சு சிதையாது. கிருமி இருந்தது என்ற அறிக்கை மட்டும் போதாது. அது சுகமான ஆட்டிலும் இருக்கும், இறந்த பின்பு தானாகவும் பெருகும். நச்சைக் கண்டால்தான் சான்று.

திடீர்ச் சாவு எல்லாமே இதுதான் என்று சொல்ல வரவில்லை. வெங்காயத் தோட்டத்துக்கு அடித்த பூச்சிமருந்து பட்ட புல்லைத் தின்ற ஆட்டுக்கு வாயால் எச்சில் வடியும், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கும், தசை துடிக்கும். மரவள்ளி இலையை வயிறு நிறையத் தின்ற ஆடு மூச்சுத் திணறி விழும், இரத்தம் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். ஆகவேதான் திறந்து பார்க்கச் சொல்கிறோம். ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

தீனி விடயத்தில் ஒரே விதி: புதிதாக எதையும் மெதுவாகப் பழக்குங்கள். தவிடு, புண்ணாக்கு, சோளம் எதுவானாலும் நாளுக்கு 50 கிராமில் தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 50 கிராம் கூட்டி, இரண்டு கிழமையில் முழு அளவுக்கு வாருங்கள். 30 கிலோ நிறையுள்ள ஆட்டுக்கு நாளுக்கு 300 கிராம் தாராளம். அதையும் காலை, மாலை என்று பிரிக்க வேண்டும். முதலில் குழை, பிறகுதான் தவிடு. வெறும் வயிற்றில் தவிடு வைப்பதும் கூட்டமாகத் தொட்டியில் கொட்டுவதும்தான் வினை. பலமான கிடாய் மற்றதன் பங்கையும் சேர்த்து விழுங்கிவிடும்.

ஆடு சோற்றில் வாய்வைத்துவிட்டது தெரிந்தால், அது சாய்ந்து படுக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மிச்சத்தை அகற்றி வைக்கோல் போடுங்கள். அப்பச் சோடா 20 கிராமை அரை லீற்றர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, கடைவாய்ப் பக்கமாகச் சிறிது சிறிதாகப் பருக்கி, வைத்தியரைக் கூப்பிடுங்கள். சோடா முதல் வயிற்றின் புளிப்பை மட்டுமே தணிக்கும், நச்சை முறிக்காது. ஆட்டின் தலையை வானம் பார்க்கத் தூக்கி ஊற்றக் கூடாது. நீர் நுரையீரலுக்குள் போய், சோற்றால் சாகாத ஆடு அதனால் சாகும்.

இனி ஊசி. முதல் முறை போடும் ஆட்டுக்கு 4 கிழமை இடைவெளியில் இரண்டு ஊசி வேண்டும். முதலாவது உடலைத் தயார் செய்கிறது, பாதுகாப்பு வருவது இரண்டாவதற்குப் பிறகுதான். "ஊசி போட்டும் செத்தது" என்ற முறைப்பாடு வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இரண்டாவது ஊசி போட்டீர்களா என்பது. செம்மறிக்கு அதன்பின் ஆண்டுக்கு ஒன்று போதும். வெள்ளாட்டுக்குப் போதாது. அதன் உடலில் எதிர்ப்பு விரைவில் இறங்கும். அதோடு நச்சு குடலுக்குள்ளேயே நேரடியாகத் தாக்குவதால் இரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருள் முழுதாகக் கைகொடுக்காது. ஆகவே 6 மாதத்துக்கு ஒன்று, தவிடு கூடுதலாகக் கொடுக்கும் பட்டிக்கு 4 மாதத்துக்கு ஒன்று. சினை மறிக்கு, குட்டி ஈனும் நாளுக்கு ஒரு மாதம் முன்பாகப் போட்டால் கடும்புப்பாலில் எதிர்ப்பு இறங்கும். குட்டி பிறந்து முதல் 6 மணித்தியாலத்துக்குள் அதைக் குடித்துவிட வேண்டும். கடும்புப்பால் குட்டிக்குக் கழியும் என்று கறந்து ஊற்றுகிறவர்கள், காசு கொடுத்துப் போட்ட ஊசியையே நிலத்தில் ஊற்றுகிறார்கள். ஊசி போட்ட தாயின் குட்டிக்கு 8 முதல் 10 கிழமையில் முதல் ஊசி. போடாத தாயின் குட்டிக்கு அதைவிட முந்த வேண்டும்.

மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். பலர் கெடுப்பது சூட்டால் மட்டுமல்ல, அதிகக் குளிராலும்தான். குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதிக்குள் வைத்தோ ஐஸ்கட்டியோடு ஒட்டவைத்தோ உறைந்த மருந்து, உருகிய பின் மறுபடி பால்போலத் தெரிந்தாலும் வேலை செய்யாது. போத்தலைப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, பிறகு ஐஸ் வைத்த பெட்டியில் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு ஆட்டுக்கும் முன்பு போத்தலைக் குலுக்குங்கள். கழுத்துத் தோலைக் கூடாரம்போல இழுத்துப் பிடித்துத் தோலுக்கடியில் போட வேண்டும். மழையில் நனைந்த, சேறு பட்ட தோலில் போடக் கூடாது. போட்ட இடத்தில் கொட்டைப்பாக்களவு கட்டி சில கிழமை நிற்கும். அதைச் சீழ் என்று கீறிவிட வேண்டாம்.

போத்தல் பிரச்சினைக்கு வருகிறோம். ஒரு போத்தலில் 50 மில்லிலீற்றர் என்றால், ஆட்டுக்கு 2 மில்லிலீற்றர் வீதம் 25 ஆட்டுக்குப் போடலாம். எங்கள் வளவுகளில் நிற்பது மூன்று அல்லது நான்கு ஆடு. ஊசி குத்திய போத்தலை அன்றைக்கே முடித்துவிட வேண்டும், மறுநாளுக்கு வைத்தால் அதில் வேறு கிருமி ஏறும். நான்கு ஆட்டுக்கு 8 மில்லிலீற்றர் போட்டு 42 மில்லிலீற்றரைக் கொட்ட எவருக்கும் மனம் வராது. அதனால் ஊசியே வேண்டாம் என்று விடுகிறார்கள். ஒரு ஒழுங்கையில் ஆறேழு வீடு சேர்ந்தால் 25 ஆடு தேறிவிடும். சனசமூக நிலையமோ மாதர் சங்கமோ ஒரு கொப்பியில் வீடு, ஆட்டின் தொகை, சினை மாதம் மூன்றையும் குறித்து மிருக வைத்திய அலுவலகத்துக்குக் கொடுத்தால், எத்தனை போத்தல் தேவை என்பது அங்கேயும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அதே நாளில் கூட்டு ஊசியாக ஏற்புவலிக்கும் சேர்த்துப் போடுவது நல்லது. ஏற்பு என்றால் ஆணி குத்திய மனிதருக்கு மட்டும் வருவது என்று நினைக்கிறோம். குதிரைக்குத்தான் அது மிக எளிதில் வரும். அடுத்து ஆடு, செம்மறி. மாட்டுக்குக் குறைவு, நாய்க்கு இன்னும் குறைவு. குளோஸ்ட்ரிடியம் டெட்டனியின் வித்தி மண்ணிலும் கால்நடைச் சாணத்திலும் கிடக்கும். காற்றுப் போகாத ஆழமான புண்ணில் முளைத்து, வெளிவிடும் நச்சு நரம்பு வழியே முள்ளந்தண்டு வடத்துக்கு ஏறி, தசையைத் தளர்த்தும் சமிக்ஞையைத் தடுத்துவிடும். அதனால் இறுகிய தசை இறுகியபடியே நிற்கும். ஆட்டைப் பார்த்தால் நான்கு காலையும் அகட்டி மரக்குதிரைபோல நிற்கும். காது விறைக்கும், வால் கிளம்பும், கண்ணின் உள்மூலையில் வெள்ளைச் சவ்வு பாதி மூடி நிற்கும். வாயைத் திறக்க முடியாது. கதவு சாத்திய சத்தத்துக்கே துடித்து விழும். புண் பட்டு 3 நாள் முதல் 3 கிழமைக்குள் இது தொடங்கும், அதற்குள் புண்ணே ஆறிப்போயிருக்கும்.

வாசல் திறந்துவிடுவது நாங்கள்தான். நலமடிப்பது, மூக்கில் நாணயக் கயிறு குத்துவது, குறிசுடுவது, கொம்பு சீவுவது, சவாரி மாட்டுக்கு லாடம் அடிப்பது, தொப்புள்கொடியை அரிவாளால் வெட்டுவது, எல்லாமே ஒவ்வொரு வாசல். இறுக்கும் றப்பர் வளையம் போட்டு நலமெடுப்பது பார்வைக்குச் சுத்தமாக இருக்கும். உள்ளே சாகும் தசைக்குள் காற்றில்லை, அதுதான் கிருமிக்கு வேண்டிய இடம். தோலைக் கீறாமல் நசுக்கும் பேர்டிசோ இடுக்கி அதைவிட நல்லது. தொப்புளை 7 வீத அயடீனில் தோய்க்க வேண்டும். புண்ணில் சாணம், சாம்பல், கிறீஸ் பூசி அடைப்பதை விடுங்கள். சவர்க்கார நீரால் கழுவி, 3 வீத ஐதரசன் பேரொட்சைட்டை ஆழமாக விட்டு நுரைக்கவிடுங்கள். ஒட்சிசன்தான் இந்தக் கிருமிக்கு எமன். வேப்பெண்ணெயை ஈ மொய்க்காமல் புண்ணின் ஓரத்தில் மட்டும் தடவலாம்.

ஏற்பு வந்துவிட்டால் பெனிசிலின் புண்ணில் உள்ள கிருமியைக் கொல்லும், நச்சை முறிக்காது. எதிர்நச்சு ஊசி இரத்தத்தில் அலைகிற நச்சைப் பிடிக்கும், நரம்பில் ஒட்டியதைப் பிரிக்காது. எனவே மீட்சிக்குக் கிழமைக்கணக்காகும். இருட்டான கொட்டில், தடித்த வைக்கோல் படுக்கை, காதில் பஞ்சு, நெஞ்சு உயரத்தில் நீரும் கஞ்சியும். அந்த நாட்களில் பிள்ளைகளைக் கொட்டிலுக்குள் விடாதீர்கள்.

மனிதர் வளர்க்கும் காட்டு விலங்குகளுக்கும் இதே மண்தான், இதே நச்சுத்தான். கரீபியன் கடலில் புவேர்ட்டோ ரிக்கோ அருகே கயோ சந்தியாகோ என்ற சிறு தீவில் 1938 முதல் ரீசஸ் குரங்குகளை வளர்க்கிறார்கள். சண்டையில் கடிபட்ட புண்ணால் அங்கே சாவுக்கு ஏற்பு பெருங்காரணமாக இருந்தது. 1985இல் எல்லாக் குரங்குக்கும் ஏற்பு ஊசி போட்ட பின் அந்தச் சாவு நின்றது. கோயில் திருவிழாவுக்கு யானை கொண்டுவருவோர், அதன் காலில் சங்கிலி அறுத்த புண்ணையும் பாதத்தில் ஏறிய ஆணியையும் பார்க்க வேண்டியது இதற்காகவும்தான். மிருகக்காட்சிச்சாலைக்குச் சுற்றுலா போகும் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் மானுக்குப் பாண் எறிவார்கள். மானும் அசைபோடும் விலங்கு, கல்யாண வீட்டுச் சோறு ஆட்டுக்குச் செய்வதைப் பாண் மானுக்குச் செய்யும். சிங்கம், சிறுத்தைக்குச் செத்த கோழியைப் போடுவது வேறொரு நச்சுக்கு, பொட்டுலினத்துக்கு, வழி. அழுகிய இறைச்சியில் ஊறும் அந்த நச்சு ஏற்புக்கு நேரெதிராகத் தசையைத் தொய்ய வைக்கும்.

அந்தப் பொட்டுலினம் எங்கள் மாட்டையும் வாத்தையும் கோழியையும் விடாது. கழுத்துத் தொங்கி, இறக்கை விரிந்து, கண் மட்டும் விழித்தபடி கிடக்கும் வாத்தைக் கண்டால் குளத்தில் செத்த பறவை கிடக்கிறதா என்று தேடுங்கள். பிணத்தில் ஊரும் புழு நச்சைச் சேர்த்து வைத்திருக்கும், புழுவுக்கு ஒன்றும் ஆகாது, அதைக் கொத்தும் அடுத்த வாத்து விழும். வறட்சியில் பொசுபரசு போதாத மாடு எலும்பைக் கடிக்கும், அழுகிய தசை ஒட்டிய எலும்பென்றால் அதிலேயே நச்சு. தாது உப்புக் கட்டி ஒன்று தொங்கவிட்டால் எலும்பு தேடுவது குறையும். தோட்டத்துக்குக் கோழி எரு வாங்கும்போது அதற்குள் செத்த கோழி கலந்திருக்கிறதா என்று பாருங்கள். பரப்பிய தோட்டத்தில் மாட்டைக் கட்டாதீர்கள். வீட்டில் முயல் வளர்க்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று: மனிதருக்குத் தந்த அமொக்சிசிலினை முயலுக்கு வாயால் கொடுத்தால், குடலிலுள்ள நல்ல கிருமி செத்து நச்சுக் கிருமி தழைத்து முயல் கழிந்து சாகும்.

ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள நல்ல நாம்பன் திடீரென நொண்டி, தொடை வீங்கி, அழுத்தினால் தோலுக்கடியில் அப்பளம் நொறுங்குவதுபோலச் சரசரத்தால் அது கருங்கால் நோய். அன்றைக்கே வைத்தியர் வேண்டும். இதற்கும் தனி ஊசி உண்டு, மழைக்கு முன் போட வேண்டும்.

முன்பு சொன்ன விதிவிலக்கு இது. மூக்கிலோ ஆசனவாயிலோ கரிய இரத்தம் உறையாமல் வடிந்து, உடல் விரைவில் ஊதினால் கத்தி வைக்காதீர்கள். அந்திராக்ஸாக இருக்கலாம். உடலைத் திறந்தால் காற்றுப்பட்டு அந்தக் கிருமி வித்தியாகும், அந்த வித்தி மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். துளைகளைத் துணியால் அடைத்து, நாய் தொடாமல் காத்து, வைத்தியருக்குச் சொல்லுங்கள். இறைச்சிக்கு விற்காதீர்கள், தோலை உரிக்காதீர்கள். ஆறடி ஆழம் தோண்டு என்பார்கள். எங்கள் நிலத்தில் பல இடங்களில் மூன்றடியில் சுண்ணக்கல் முட்டும். கல்லின் வெடிப்பு வழியே கழிவு கிணற்றுக்குப் போகும். அப்படிப்பட்ட வளவில் புதைப்பதைவிட எரிப்பதே சரி. சுண்ணாம்பு கொட்டுவதும் வேண்டாம். கல்சியம் அந்த வித்திகள் நீடிக்க உதவக்கூடும்.

வடகீழ்ப் பருவமழை ஒக்டோபரில் பிடிக்கும். மழைக்குப் பின் தளதளவென்று எழும் இளம் புல்லும், தை மாத அரிவு வெட்டும் துள்ளுமாரிக்கு உகந்த காலம். இரண்டு ஊசிக்கு 4 கிழமை இடைவெளி வேண்டியிருப்பதால், முதல் ஊசி செப்டெம்பர் முதல் கிழமைக்குள்ளும் இரண்டாவது ஒக்டோபர் முதல் கிழமைக்குள்ளும் முடிய வேண்டும். கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் அந்தத் திகதிகளைக் கணக்கில் வைத்து ஓகஸ்ட் மாதத்திலேயே ஒழுங்கைக் கொப்பிகளைக் கேட்டு வாங்கி, மருந்தை அலுவலகக் குளிர்ப்பெட்டிகளுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். கொப்பி தயாராக இருக்கும் ஒழுங்கைக்கு முதலில் வாருங்கள். காலை 7 மணிக்கு, ஆடு அவிழ்க்கும் முன் வந்தால், 25 ஆட்டுக்கும் ஒரு மணித்தியாலம் போதும்.

இங்ஙனம்,
கால்நடை மருத்துவப் பணியில் உள்ளோர் சிலர்,
யாழ்ப்பாணம்.